கடைசி நாடா வந்து சேர்வதற்குள்

எங்கள் எஸ்டேட் தேயிலை ஆலையில் குச்சி பொறுக்குவதற்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. அதன் நடுவில், கவிழ்த்துப் போட்ட பலகைப் பெட்டியின் மேல், பிளாஸ்டிக் பையால் சுற்றிய டேப் ரெக்கார்டர் ஒன்று இருக்கும். தேயிலைத் தூசு உள்ளே போகாமல் இருக்கத்தான் பை. பட்டன் இருக்கிற இடத்தில் மட்டும் பையைக் கிழித்து விட்டிருப்பார்கள். அதைச் சுற்றிப் பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்து, சலித்து வந்த தூளில் கலந்து கிடக்கும் குச்சியையும் நாரையும் விரலால் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெட்டிக்கு மிக அருகில் உட்கார்ந்திருப்பவர் என் அக்கா, உங்களுடைய பெரிய அத்தை. உங்களுக்கு விவரம் தெரிவதற்குள் அவர் போய்விட்டார். சுவரில் மாட்டிய படத்தில் உம்மென்று இருக்கும் ஒரு முகமாகத்தான் அவரை உங்களுக்குத் தெரியும். அந்தப் படம் பொய் சொல்கிறது பிள்ளைகளே. அவரைப் போல வாய் பேசுகிறவரை நான் கேமரன் மலையில் வேறு எங்கும் பார்த்ததில்லை.

எழுபதுகளின் கடைசி அது. நான் எஸ்டேட் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா முதலில் மலையில் கொழுந்து எடுத்தவர்தான். மழை நாளில் சரிவில் விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு கூடை சுமக்க முடியவில்லை, ஆலைக்குள் மாற்றிவிட்டார்கள். அத்தான் அதற்கு முன்பே தவறிவிட்டார். இருந்தது ஒரே மகள். நீங்கள் அண்ணி என்று கூப்பிடுகிறீர்களே, அவள்தான். தமிழ்ப் பள்ளியை முடித்துவிட்டு அந்த வருஷம் தானா ராத்தா டவுனில் புகுமுக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தமிழில் படித்து வந்த பிள்ளைகள் மலாய்க்குப் பழகட்டும் என்று ஒரு வருஷம் கூடுதலாக உட்கார வைக்கிற வகுப்பு அது. "இவ மட்டும் கூடை தூக்கக் கூடாது தம்பி. எப்பாடு பட்டாவது படிக்க வெச்சுடணும்" என்று அக்கா என்னிடம் சொல்லாத நாள் இல்லை.

அந்த டேப்பில் ஓடிய நாடாக்கள் எங்களிடம் வந்த கதையைச் சொல்கிறேன். தானா ராத்தாவில் வேலை பார்த்த ஓர் ஆசிரியரின் தகப்பனாருக்குக் கண் பார்வை போய்விட்டது. மகன் புத்தகங்களைத் தானே சத்தம் போட்டுப் படித்து, நாடாவில் பதிந்து, அப்பாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். பெரியவருக்குக் கதை பிடிக்காதாம். சரித்திரம், தொழில், மனிதனுடைய அறிவு என்று எல்லாம் கட்டுரைப் புத்தகங்கள். பெரியவர் காலமாகி, ஆசிரியருக்கும் மாற்றல் வந்தபோது, சாமான் ஏற்ற ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஓர் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க லைன் வீடுகள்ல இதெல்லாம் யாராவது கேப்பாங்களா?" என்றார்.

"எங்க அக்கா கேக்கும் சார். கேட்டுட்டு சும்மா இருக்காது, அதுதான் பிரச்சினை" என்றேன்.

அப்படியே நடந்தது. முதலில் ஓடியது தொழிலைப் பற்றிய புத்தகம். விருப்பத்தோடு செய்கிற வேலையில் களைப்பு தெரியாது என்று அதில் ஓர் இடம் வரும். அக்கா குச்சியை வீசிப் போட்டார்.

"விருப்பமா செஞ்சாலும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும் லா. இவரு நாற்காலியில உட்கார்ந்து எழுதியிருக்காரு, அதான் தெரியல."

"மெதுவாக்கா, டேப்புக்குள்ள இருக்கிறவருக்குக் கேட்டுடப் போகுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கேக்கட்டும். வந்து பதில் சொல்லட்டும்."

வாசலில் நின்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர், "கைய ஓட்டும்மா, வாய் தானா ஓடுது" என்பார். ஆனால் அதே புத்தகத்தில், இடையிடையே சற்று ஓய்வு எடுக்கிறவன்தான் கூடுதலாக வேலை செய்கிறான் என்று ஒரு பாடம் வந்தபோது அக்காவுக்கு எழுதியவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. அன்றிலிருந்து நாடாவை மறுபக்கம் திருப்பும்போதெல்லாம் அத்தனை பேரும் காலை நீட்டி விரலைச் சொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மண்டோர் முறைத்தால், "நாங்க சொல்லல மண்டோர், புத்தகத்துல இருக்கு" என்பார். அவரும் என்ன செய்வார், புத்தகத்தோடு சண்டைக்குப் போக முடியுமா?

சரித்திரப் புத்தகத்தில் நம் ஆட்கள் கப்பலேறி மலாயாவுக்கு வந்த கதை வந்தது. எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்கள். அக்காவுக்கு மட்டும் அது போதவில்லை. "கப்பல்ல வந்தவங்களைப் பத்தியே பேசுறாரு. ஏறாம நின்னவங்க என்ன ஆனாங்க? எங்கம்மாவோட தங்கச்சி காய்ச்சலோட நாகப்பட்டினத்துல நின்னுடுச்சு. அதுக்கப்புறம் ஒரு சேதி கிடையாது. அது சரித்திரத்துல சேராதா?" என்றார். லோரியில் தேயிலைப் பெட்டி ஏற்ற வந்த நான் கதவருகே நின்று இதைக் கேட்டேன். எங்கள் சொந்தச் சின்னம்மாவைப் பற்றி அவ்வளவு நாளும் நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

கொஞ்ச நாளில் எஸ்டேட்டின் மற்ற பிரிவுகளிலும் நாடாவைக் கேட்க ஆரம்பித்தார்கள். என் லோரிதான் தபால். ஒன்று மேலே போகும், ஒன்று கீழே வரும். அதனால் வரிசை அடிக்கடி குலைந்துபோகும். ஒரு ராஜா திங்கட்கிழமை செத்துப்போய் வியாழக்கிழமை பட்டம் கட்டிக்கொள்வார். "இப்பத்தானே இவருக்குக் கருமாதி பண்ணோம்" என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதில் ஒரு கெடுதல் வரும் என்று யாருக்குத் தோன்றும்?

பிறகு வந்ததுதான் அறிவைப் பற்றிய புத்தகம். மனிதனுக்கு அறிவு எவ்வளவு என்று அளக்க முடியும், அந்த அளவு பிறக்கும்போதே வந்துவிடுகிறது, பத்துப் பன்னிரண்டு வயதில் தெரிந்துவிடும், பிறகு கூடாது குறையாது என்று படித்துப் பதிந்த அந்தப் பள்ளி ஆசிரியரின் நிதானமான குரல் நாடா நாடாவாகச் சொல்லிக்கொண்டு போனது. நடுநடுவே அளக்கிற கேள்விகளும் வரும். "கமலாவை விட விமலா உயரம். விமலாவை விட நிர்மலா உயரம். மூவரில் குட்டையானவள் யார்?" குரல் முடிப்பதற்குள் அக்கா "கமலா" என்பார். எல்லாக் கேள்விக்கும் அப்படித்தான். பெண்கள் கை தட்டுவார்கள். "அக்கா, நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல, துரை பங்களாவுக்குப் போங்க" என்பார்கள். தொழிலைப் பற்றிப் பேசியபோது அக்காவிடம் இடுப்பு வலி இருந்தது. சரித்திரத்தைப் பற்றிப் பேசியபோது சின்னம்மா இருந்தார். இந்தப் புத்தகத்தோடு சண்டை போட அவர் கையில் ஒன்றும் இல்லை. அதோடு, அது அவரைக் கெட்டிக்காரி என்றும் சொல்லிவிட்டது. நம்மைப் புகழ்கிறவன் பேச்சில் யார் குற்றம் பார்ப்பார்கள்?

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் மகளுக்குப் பள்ளியிலிருந்து மதிப்பெண் அட்டை வந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு. மலாயில் வாத்தியார் கேட்டது அவளுக்குப் பாதி புரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அக்கா அவளைத் திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நானும் அன்று அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"கமலாவை விட விமலா உயரம். விமலாவை விட நிர்மலா உயரம். மூணு பேர்ல யாரு குட்டை?"

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். "எந்தக் கமலாம்மா? அடுத்த லைன் கமலாக்காவா?"

"எந்தக் கமலாவோ. யாரு குட்டை?"

"கமலாக்கா குட்டை இல்லையேம்மா. வாசல்ல குனிஞ்சுதானே வருவாங்க."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வி கேட்டார், இன்னொன்று கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன பிள்ளைக்கு அதன் பிறகு வாயே திறக்கவில்லை. அக்கா எழுந்து தட்டைக் கழுவப் போனார். வெளியே வந்து என்னிடம், "பிறந்ததே இவ்வளவுதான் தம்பி. இதுல அதை அடிச்சு அழ வெச்சு என்ன ஆகப் போகுது" என்றார். உள்ளே இருந்த பிள்ளைக்கும் அது கேட்டிருக்கும். கோபமே இல்லை அந்தக் குரலில். பிள்ளையின் மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மேல் பிரிவுக்குப் போகிற பாதையில் மண் சரிந்து, சில வாரங்கள் என் லோரி அந்தப் பக்கமே போக முடியவில்லை. அந்தப் புத்தகத்தின் கடைசி நாடா மேலே மாட்டிக்கொண்டது. கீழே, அக்கா பள்ளிக்குப் போய் மகளின் பெயரை எடுத்துவிட்டு வந்தார். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லிக் கொழுந்து எடுக்கப் பெயர் கொடுத்தார். மகளின் இடுப்பில் ஈரம் படாமல் படுதாவைச் சுற்றி, கூடைக் கயிற்றை நெற்றியில் சரிசெய்து அனுப்பியதும் அவர்தான்.

பாதை திறந்ததும் நாடா வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பெட்டி ஏற்றி முடியும்வரை கதவருகே நின்று கேட்டேன். அதே குரல், அதே நிதானம். இவ்வளவு நேரம் பார்த்தது ஒரு சாராரின் கட்சி, அதில் எங்கெங்கே ஓட்டை என்று இனிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தது. கேள்வி போட்டவரின் வீட்டுப் பழக்கம் வேறு, பதில் சொல்கிற பிள்ளையின் வீட்டுப் பழக்கம் வேறு. மொழி புரியாத பிள்ளைக்குக் குறைவது மதிப்பெண்தான், அறிவு இல்லை. அந்த வயதில் ஒரு பிள்ளையை இவ்வளவுதான் என்று முடிவு கட்டுவது பெரிய பாவம். முந்தைய நாடாக்கள் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்து மறுத்தது. பட்டிமன்றத்தில் முதல் கட்சி பேசி முடித்ததுமே எழுந்து வீட்டுக்குப் போனவர் கதை ஆகிவிட்டது எங்கள் கதை.

அக்காவின் கை நின்றுவிட்டது. "என்னக்கா, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். மண்டோர்கூட, "என்ன, வாய்க்கு லீவா?" என்று கேட்டார். அக்கா நாடாவைப் பின்னுக்கு ஓட்டி அதே இடத்தை மறுபடியும் கேட்டார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார். "தம்பி, ஸ்கூலுக்குப் போகணும்."

மறுநாள் கூட்டிப் போனேன். அங்கே எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். வருஷம் முடியப் போகிறது, பரீட்சையும் எழுதவில்லை, ஜனவரியில் வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். அதுவே பெரிது என்று அக்கா கும்பிட்டுவிட்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டேப் ரெக்கார்டரை வீட்டுக்கு எடுத்து வந்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசி நாடாவைப் போட்டார். வாரம் முழுக்க மலையில் நின்ற பிள்ளை. நாடா பாதி ஓடுவதற்குள் அம்மாவின் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அக்கா எழுப்பவில்லை.

ஜனவரி வந்தது. சீருடை தைத்து வைத்திருந்தார். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்மா. எனக்கு மண்டையில ஏறாது."

"யாரு சொன்னா? அது தப்புன்னு அந்த டேப்பே சொல்லிடுச்சும்மா."

"டேப்பு மாத்தி மாத்திச் சொல்லும். எனக்குத் தெரியும்ல. கொழுந்து எடுக்கிறது நல்லா வருதும்மா, விடுங்க."

அக்கா கெஞ்சினார், மிரட்டினார், என்னை விட்டுப் பேச வைத்தார். எதற்கும் அவள் அசையவில்லை. அம்மா ஒரு தடவைதான் அவளை அளந்தார். அதையே அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகும் ஆலையில் நாடாக்கள் ஓடின, அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எந்தப் புத்தகமானாலும், "நீங்க என்ன சொல்றீங்கக்கா?" என்று கேட்டால், "முடியட்டும்" என்பார். முடிந்துவிட்டது என்றால், "இன்னொண்ணு மேல இருக்கான்னு கேட்டுப் பாருங்க" என்பார். சுவரில் இருக்கிற படம் அந்த நாட்களில் எடுத்தது.

போன தீபாவளிக்கு அண்ணி கோலா தெர்லாவிலிருந்து வந்திருந்தாள். அங்கே காய்கறித் தோட்டத்தில் வேலை, உங்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் போனிலேயே ஆயிரம் புத்தகம் பேசுகிறது. நாங்கள் ஒரு நாடாவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தோம், நீங்கள் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறீர்கள். உங்களில் ஒருவர் அவள் காதில் இயர்போனை மாட்டிவிட்டு, "கேளுங்க அண்ணி, நல்ல புத்தகம்" என்றீர்கள். அவள் கொஞ்ச நேரம்கூட வைத்திருக்கவில்லை. கழற்றிக் கொடுத்துவிட்டு, "எனக்கெல்லாம் மண்டையில ஏறாதுப்பா, பிறந்ததே அவ்வளவுதான்" என்று தலையில் தட்டிக் காட்டினாள். அவள் சொன்ன விதத்தில் எல்லாரும் சிரித்தீர்கள். அவளும் சிரித்தாள். பிறகு காலியான முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உங்களில் யாராவது அந்தப் போனை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போவீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் எழுந்து போகவில்லை.