சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் பெயரில் ஒரு சாய்கோடு இருந்தது. மலேசியாவில் பிறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. ஆணாக இருந்தால் ஏ/எல், பெண்ணாக இருந்தால் ஏ/பி. இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதை மலாயில் சுருக்கி எழுதும் முறை. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே அது நிற்கும். பேசும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. படிவம் நிரப்பும்போது மட்டும் கை தானாக எழுதிவிடும்.

நான் அதை எடுத்துவிட்டேன். முனைவர் பட்டம் முடித்த வருஷம், என் முதல் கட்டுரையை வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து ஓர் அம்மாள், பெயரின் நடுவில் இருப்பது தட்டச்சுப் பிழையா என்று கேட்டு எழுதினார். பிழை இல்லை, அதற்குப் பின்னால் வருபவர் என் அப்பா என்று பதில் போட்டிருக்கலாம். நீக்கிவிடுங்கள் என்று எழுதினேன். அன்றிலிருந்து கட்டுரைகளிலும், மாநாட்டு அட்டைகளிலும், என் அறைக் கதவில் மாட்டிய பலகையிலும் பெயர் வழவழவென்று இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். அதோடு நாவல்களைக் கணினிக்குள் போட்டு, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது, வாக்கியம் எங்கே நீள்கிறது, எங்கே சுருங்குகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சியும் செய்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்குக் கீழே வாழையிலை சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் இதை ஒருமுறை விளக்கினேன். "அப்ப கதை படிக்கிறது இல்ல, கதைய நிறுத்துப் பாக்குறீங்க" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த மாநாட்டிலும் கேட்டதில்லை.

கணினி தெரிந்த இலக்கிய ஆசிரியை என்பதால் எனக்குத் தனி மவுசு. வகுப்பறையில் எந்தப் புதுத் தொழில்நுட்பம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பேன். நிர்வாகத்தில் என்னைப் புகழ்வார்கள். நானும் தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆட்டத்தின் உச்சியில்தான் கட்டுரை பெறுவதற்கு நானே ஓர் இணையப் பக்கம் செய்தேன். பல்கலைக்கழகம் வாங்கி வைத்திருந்த மென்பொருள் எனக்குப் போதவில்லை. மாணவர்களின் கட்டுரைகளையும் நாவல்களைப் போல எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. மாணவர் பெயரைத் தட்டி, கட்டுரையை ஏற்றினால், அவர் பெயரிலேயே கோப்பு சேமிக்கப்படும். பச்சை நிறத்தில் ஒரு டிக் வரும். கெடு முடிந்ததும் வந்த கட்டுரைகளின் பட்டியல் தானாகத் தயாராகும். பக்கத்தின் மேலே கொட்டை எழுத்தில் ஒரு கட்டளை: முழுப்பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி. என் பெயரைப் போட்டுப் பலமுறை சோதித்தேன். ஒருமுறைகூடத் தவறவில்லை. எப்படித் தவறும், என் பெயரில்தான் கோடே இல்லையே.

அந்தப் பக்கத்தைப் பயன்படுத்திய வகுப்பில் தமிழ் மாணவர்கள் இரண்டே பேர். ஒருவன் சாலாக் செலாத்தான் பையன், வாயாடி. இன்னொருத்தி காப்பாரிலிருந்து வருபவள். வீட்டிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரைக்கும் மோட்டார் சைக்கிள், அதற்குப் பிறகு ரயில். முன் வரிசையில் உட்கார மாட்டாள், கடைசி வரிசையிலும் உட்கார மாட்டாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் எழுதிக்கொண்டிருப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். ஆனால் அதை ஒருநாளும் காட்டியதில்லை. நம்மவர் என்று சலுகை காட்டுகிறாள் என யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இறுதிக் கட்டுரைக்கான கெடு முடிந்தது. பட்டியலில் அவள் பெயர் இல்லை. அந்தக் கட்டுரை இல்லாமல் பாடம் தேறாது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அறைக்குக் கூப்பிட்டேன்.

"நான் அனுப்பிட்டேன் மேடம். பச்சை டிக் வந்துச்சு."

"பட்டியல்ல இல்லையேம்மா."

"வந்துச்சு மேடம், சுவேர், சத்தியமா. ரெண்டு நாள் முன்னாடியே அனுப்பிட்டேன். பென்டிரைவ்ல இருக்கு, இப்பவே காட்டவா?"

கோப்பின் தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றேன். நான்தான் கணினி தெரிந்தவள் அல்லவா. அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "நம்ம பிள்ளைங்களே இப்படிப் பண்ணா, மத்தவங்க நம்மளப் பத்தி என்னம்மா நினைப்பாங்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பென்டிரைவைப் பைக்குள் போட்டாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு சீன மாணவியோ மலாய் மாணவியோ வந்து அப்படிச் சொல்லியிருந்தால், உட்கார் என்று சொல்லி ஒரு நிமிடமாவது கணினியில் தேடியிருப்பேன். தேடாமல் விட்டால் அநியாயம் என்று எனக்கே தோன்றியிருக்கும். நம் பிள்ளை என்றதும் அந்தக் கடமை இல்லாமல் போய்விட்டது. கண்டிப்பதை உரிமை என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய அப்பா போன் செய்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"டீச்சர், பிள்ளை அனுப்பிட்டேன்னு சொல்லுது. அது பொய் சொல்லாது டீச்சர்."

"சிஸ்டமும் பொய் சொல்லாதுங்கய்யா" என்றேன்.

"அப்படிங்களா டீச்சர். சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த பருவத்தில் அவள் அதே பாடத்தை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டாள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஐயோ பாவம் என்று நினைத்தேன், அதற்குமேல் ஒன்றும் நினைக்கவில்லை. நான் செய்த பக்கத்தையும் அந்தப் பருவத்தோடு மூடிவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்குப் புது மென்பொருள் வந்தது. நான் வேறு ஆராய்ச்சிக்குப் போனேன்.

ஏழு வருஷம் கழித்து, போன மார்ச்சில், ஆசிரியர் பயிற்சி ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய முயற்சிகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்லலாம் என்று பழைய ஹார்ட்டிஸ்கைத் தேடி எடுத்தேன். அந்த வகுப்பின் கட்டுரைகள் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரே ஒரு கோப்புறை. அதன் மேல் அவள் பெயர், பெயருக்குப் பின்னால் தனியாக ஓர் ஏ. திறந்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. அதன் பெயர் பி என்று தொடங்கி, அவளுடைய அப்பாவின் பெயரில் முடிந்தது.

உடனே புரிந்துவிட்டது. புரிந்ததில்தான் கோபமே வந்தது. சாய்கோட்டைப் பார்த்தால் கணினிக்கு அது எழுத்து அல்ல, உள்ளே போ என்னும் உத்தரவு. கோட்டுக்கு முன்னால் இருப்பதைக் கோப்புறை ஆக்கும், பின்னால் இருப்பதை அதற்குள் கோப்பாக வைக்கும். கோப்புறை இல்லாவிட்டால் நீயே ஒன்று செய்துகொள் என்று நான்தான் நிரலில் ஒரு வரி எழுதியிருந்தேன். பட்டியலோ வெளியே இருக்கும் கோப்புகளை மட்டும் எண்ணியது. கட்டுரை வந்தது உண்மை, பச்சை டிக் உண்மை. மகளின் பெயர் வெளியே, அப்பாவின் பெயர் உள்ளே, நடுவில் என் முட்டாள்தனம். கோப்பின் தேதியைப் பார்த்தேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம்.

கட்டுரையை அப்போதுதான் படித்தேன். பழைய ஆங்கில நாவல்களில் கதவு திறக்கப்பட்டது, தேநீர் கொண்டுவரப்பட்டது என்று வருகிறதே, திறந்தது யார், கொண்டுவந்தது யார் என்று கேட்டிருந்தாள். அந்த வாக்கியங்களைக் கணினியில் எண்ணவில்லை, பென்சிலால் கோடு போட்டு எண்ணியிருந்தாள். வேலைக்காரர்கள் வாக்கியத்துக்குள் இருக்கிறார்கள், தேடினால்தான் தெரிவார்கள் என்று முடித்திருந்தாள். நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

பயிற்சிக்குப் போகவில்லை. நடந்ததை எழுதி, அவளுடைய மதிப்பெண்ணைத் திருத்தும்படி பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் கொடுத்தேன். பதில் இன்னும் வரவில்லை. பிறகு சாலாக் செலாத்தான் பையனைத் தேடிப் பிடித்தேன். இப்போது ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். அவன் பெயரிலும் கோடு உண்டே, அவன் கட்டுரை எப்படிப் பட்டியலில் வந்தது என்று கேட்டேன்.

"யாரு லா மேடம் ஐசி கார்டுல இருக்குற பேரெல்லாம் முழுசா அடிக்கிறது? நான் சும்மா கூப்புடுற பேரு போட்டு அனுப்பிட்டேன்" என்று சிரித்தான்.

என் பேச்சைக் கேட்காதவன் தேறினான். கேட்டவள் தோற்றாள். அவளுடைய வீட்டை அவன்தான் சொன்னான்.

ஒரு சனிக்கிழமை காப்பாருக்குப் போனேன். வீட்டு முன்னால் மோட்டார் சைக்கிள், பக்கத்தில் சிறுவர்களின் செருப்புகள். டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அச்செடுத்த கட்டுரையையும், கோப்புறையின் படத்தையும் நீட்டினேன். அவள் முதல் பக்கத்தைப் புரட்டினாள். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இங்க ஸ்பெல்லிங் தப்பு" என்றாள், தனக்குத்தானே சொல்வதுபோல்.

பிறகு தாள்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும் மேடம். நான் அனுப்பினது எனக்குத் தெரியாதா? அப்பாவுக்குத்தான் தெரியாது. உள்ளதான் இருக்காரு. அவர்கிட்ட சொல்லுங்க."

நான் உள்ளே போனதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எனக்காக. "வாங்க டீச்சர், உக்காருங்க" என்றார். லோரி ஓட்டுவதை விட்டுவிட்டாராம், முழங்கால் சரியில்லை. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். வாசலில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என் பேரு."

"ஆமாங்கய்யா."

"இந்தக் கோட்டுனாலயா?"

"கோட்டு மேல தப்பு இல்லைங்கய்யா. தேடிப் பாக்காதது நான்தான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். "நீ அழுது அழுது சொன்ன. நான் டீச்சர் சொன்னதத்தான் கேட்டேன்" என்றார். அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்து அறையில் ஒரு சிறுமி ஆங்கிலப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் மறுபடி என் பக்கம் திரும்பிக் கேட்டார். "உங்க பேருல இந்தக் கோடு இல்லையா டீச்சர்?"

"இருந்துச்சுங்கய்யா. எடுத்துட்டேன்."

தலையை ஆட்டினார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். படத்தில் இருந்த தன் பெயரைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.

"அப்ப இந்தப் பிள்ளையும் என் பேர விட்டுட்டு அனுப்பியிருந்தா பாஸ் பண்ணிருக்கும், இல்ல டீச்சர்?"

"ஆமாங்கய்யா" என்றேன்.