ஆர்டெல்லாவின் இடது கால்

இதைக் கேட்டால், பெண்டாட்டி செத்த துக்கத்தில் எல்மோருக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சிகாகோவில் கள்ளச் சாராயம் ஆறாய் ஓடின அந்த வருடத்திலும் ஒரு சொட்டுகூடத் தொடாதவன் நான். இது கனவும் இல்லை. பட்டப்பகலில், கண் விழித்திருந்தபோது நடந்தது.

என் மனைவி ஆர்டெல்லா பியானோ வாசிப்பாள். நான் பக்கத்தில் நின்று பாஸ் வாசிப்பேன், அதாவது ஆள் உயரத்துக்கு இருக்கிற பெரிய வயலின். எங்கள் ஜாஸ் குழு ஏழு வருடத்தில் போட்ட இசைத்தட்டுகளில் முக்கால்வாசி மெட்டு அவள் கட்டியது. ஆனால் தட்டின் நடுவில் ஒட்டுகிற வட்டக் காகிதத்தில் யாராவது ஓர் ஆம்பளையின் பெயர்தான் இருக்கும். பாடுகிறவள் பெண் என்றால் வாங்குவார்கள், பியானோ வாசிக்கிறவள் பெண் என்றால் வாங்கமாட்டார்கள் என்பது கம்பெனி மேனேஜர் ஹாலிஸின் கணக்கு.

அவளுக்கு ஒரு பழக்கம். வாசிக்கும்போது இடது குதிகாலால் தரையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். பதிவு அறையில் அது ஆகாது. சுழல்கிற மெழுகுத் தட்டில் ஊசி கீறிக்கொண்டு போகும்போது காலால் தட்டினால் அந்தச் சத்தமும் விழுந்துவிடும். தட்டு வீண். அதனால் ஷூவைக் கழற்றச் சொல்லி, பாதத்துக்கு அடியில் ஒரு தலையணையை வைப்பார்கள்.

"ஊரெல்லாம் தலைக்கு வச்சுத் தூங்குது. இவங்க என் காலைத் தூங்க வைக்கறாங்க பாரு," என்று சிரிப்பாள்.

கடைசியில் ஹாலிஸ் இறங்கி வந்தார். அவள் பெயரிலேயே ஒரு தட்டு, பியானோவும் என் பாஸும் மட்டும். அதற்காகப் புது மெட்டு ஒன்று கட்டினாள். முடிவு மட்டும் வரவில்லை. அதற்குள் நிமோனியா வந்துவிட்டது. ஆஸ்பத்திரிப் போர்வை மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "கிட்ட வந்துடுச்சு எல்மோர்... கைக்குத்தான் சிக்க மாட்டேங்குது," என்றாள்.

சிக்கவில்லை. போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறு வாரம் பதிவு. கம்பெனி நாளை மாற்றவில்லை. அவளுக்குப் பதில் க்ளைட் என்ற பியானோக்காரரை அழைத்திருந்தார்கள். முடிவு இல்லாததால் முதல் பகுதியையே திருப்பி வாசித்து முடிப்பதாக ஏற்பாடு.

"மிஸ்டர் ஹாலிஸ், அவ பேரு?" என்று கேட்டேன்.

"நல்லா வந்தா போடறேன். போய் வாசி."

எனக்கு அது போதும். அதற்காகத்தான் நின்றேன்.

பியானோவுக்கு அடியில் அவள் தலையணை அப்படியே கிடந்தது. பார்க்கச் சகிக்காமல் அதைச் சுவரோரம் தள்ளிவிட்டேன். பதிவு தொடங்கிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. வாசித்தோம்.

பாதியிலேயே ஓட்டோ கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மெழுகில் பதிவு செய்கிறவர் அவர்தான். "யாருப்பா காலால தட்டுறது?"

நான் க்ளைட்டைப் பார்த்தேன். க்ளைட் என்னைப் பார்த்தார். இருவரும் ஷூவைக் கழற்றினோம்.

மறுபடியும் விளக்கு. மறுபடியும் ஓட்டோ. முகம் சிவந்திருந்தது.

"விளையாடறீங்களா? நல்லா கேக்குது. பியானோவுக்கு இடது பக்கம். குதிகால் சத்தம்."

அறை, மெழுகு இளக வேண்டும் என்று அடுப்பு மாதிரி சூடாக இருந்தது. எனக்குக் குளிர்ந்தது...

"இன்னும் ஒரு மெழுகுதான் இருக்கு எல்மோர். இதுவும் போச்சுன்னா ஹாலிஸ் இந்தப் பாட்டையே தூக்கிடுவாரு," என்றார் ஓட்டோ.

சுவரோரம் போனேன். தலையணையை எடுத்தேன். அவள் கால் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். மண்டியிட்டு வைத்தேன்.

"ஆர்டி... இந்த ஒரு தடவை காலை அடக்கிக்கோ. உன் பேரு வரும். அதுக்கு நான் பொறுப்பு."

விளக்கு எரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். முதல் பகுதி முடிந்தது. திரும்ப அதே வரவேண்டும்...

வரவில்லை.

வேறு ஒன்று வந்தது. நான் கேட்டே இராதது. ஆனாலும் என் விரல் தடுமாறவில்லை. எங்கள் குறுகல் சமையலறையில் ஒருவரையொருவர் இடிக்காமல் நடப்போமே, அப்படி அதன் கூடவே போனேன். மெல்ல இறங்கியது... நின்றது.

முடிவு.

தட்டல் சத்தம்... இல்லை.

ஓட்டோ கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலைக் காட்டினார். க்ளைட் எழுந்தார். ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, தொப்பியை மறந்து, வெளியே போய்விட்டார்.

குனிந்து தலையணையைத் தொட்டேன்.

நடுவில் ஒரு குழி.

சூடாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை.

வசந்தத்தில் தட்டு கடைக்கு வந்தது. நடுவில் வட்டக் காகிதம். அதில் க்ளைட்டின் பெயர். அவர் பெயர் மட்டும். 'அந்த முடிவு இருக்கே!' என்று ஊரே அவரைப் புகழ்ந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அடிக்கிற வெறியில்தான் போனேன்.

"அடிங்க, வாங்கிக்கறேன்," என்றார். "ஆனா அந்தப் பேரை நான் கேக்கல. அது நான் வாசிச்சது இல்லைன்னு ஹாலிஸ்கிட்ட சொன்னேன். சிரிச்சாரு."

"நீங்க வாசிக்கலன்னா வேற யாரு?"

"மொதப் பகுதி முடிஞ்சதும் பியானோ கட்டைங்க தானா இறங்க ஆரம்பிச்சுது எல்மோர். நான் கையை எடுத்துட்டேன். கடைசி வரைக்கும் ரெண்டு கையும் என் மடியிலதான் இருந்துது."

கையிலிருந்த தட்டை மேஜை மேல் வைத்தேன்.

"பியானோவைப் பாக்க முடியல. கீழ பாத்தேன். அந்தத் தலையணை... அமுங்கி அமுங்கி எழுந்துச்சு. தாளம் தப்பாம. சத்தமே இல்லாம."

அவள் கால் விழுந்த முதல் இரண்டு மெழுகையும் ஓட்டோ அன்றைக்கே சீவி வழவழப்பாக்கிவிட்டார், வேறு யாருடைய பதிவுக்கோ. மிஞ்சியது கால் சத்தம் இல்லாத, பெயரும் இல்லாத இந்தத் தட்டு.

வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை ஆர்டெல்லா. செத்த பிறகு ஒரே ஒரு தடவை கேட்டாள். காலை அடக்கிக்கொண்டாள், நான் பெயர் வாங்கித் தருவேன் என்று நம்பி.