வெள்ளத்தாயின் ஒற்றைக் கோடு

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் கொரோனா கிட்டைப் பிரிப்பதற்கு முன் அதைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவாள் வெள்ளத்தாய். பிறகு உறையின் ஒட்டை நகத்தால் நிமிண்டிப் பார்ப்பாள். யாராவது பிரித்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கலாம் இல்லையா? "ஓசியில குடுக்கான்னா சும்மா குடுப்பானா?" என்பாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. வீடு ராஜபாளையத்தில். கொரோனா மறுபடியும் தலைகாட்டியதிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம். வேலைக்கு வருகிறவர்கள் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, கிட்டைப் போட்டோ எடுத்து வாட்சப் குரூப்பில் போட்ட பிறகுதான் பஸ் ஏற வேண்டும். ஒரு கோடு என்றால் வரலாம். இரண்டு கோடு என்றால் நோய். வீட்டில் கிடக்க வேண்டும்.

மற்றவர்கள் போடும் படங்களை விரலால் விரித்து விரித்துப் பார்ப்பாள். அவள் பார்ப்பது கோட்டை அல்ல, கிட்டுக்குக் கீழே தெரியும் தரையை.

"ஏட்டி மாரிச்செல்வி, நேத்துப் படத்தையே இன்னைக்கும் போட்டியா? அதே செவப்புத் தரை."

"எங்க வீட்டுத் தரைய தெனமும் மாத்தவா முடியும், யக்கா?" என்று சிரித்தாள் கூட வேலை பார்க்கிறவள்.

"தரை கெடக்கட்டும். அந்த எறும்பு நேத்துலருந்து நகரலையேட்டி?"

இந்தச் சந்தேகப் புத்தி அவள் பிறந்த வீட்டுச் சொத்து. அப்பன் செட்டியார்பட்டி மாரிசாமி, பெண் கேட்டு வந்த வீட்டாரிடம் மாப்பிள்ளையின் பல்லைக் காட்டச் சொன்ன மனிதர். அவர் தங்கை சுடலையம்மாள் சம்பந்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனால், அவர்கள் உப்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் இலையில் உட்கார மாட்டாள். அன்று பல்லைக் காட்டிய மாப்பிள்ளைதான் ராக்கப்பன். பஞ்சாலையில் ஆயுசெல்லாம் வேலை பார்த்து, பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் ஏறிப்போனவர். கட்டிலைவிட்டு எழுந்து வாசல் வரை நடந்தாலே இளைக்கும். "கொரோனா வந்தா இவர் தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொன்னார். அந்த ஒரு சொல்லை மட்டும் வெள்ளத்தாய் சந்தேகப்படவில்லை.

போன வாரம் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு இருமல் வந்தது. நர்ஸ் பொன்மணி திரும்பிப் பார்த்தாள்.

"காலைல கிட்டு பாத்தீங்களா, வெள்ளத்தாயக்கா?"

"பாத்தேன் சிஸ்டர். ஒத்தக் கோடுதான். என்னைக்கும் ஒத்தக் கோடுதான். எனக்கு அந்தக் கிட்டு மேலயே சந்தேகம். நான் எம்புட்டு சுத்தமாப் பாக்கேன் தெரியுமா? ஊசி போடுமுன்ன நீங்க ஸ்பிரிட் வச்சுத் தொடைக்கீகல்ல? அதே மாதிரி உப்புத்தண்ணிய உறிஞ்சி, மூக்கை நல்லாக் கழுவித் தொடச்சிட்டுத்தான் குச்சிய விடுவேன்."

பொன்மணி கையிலிருந்த ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டாள். "தெனமுமா?"

"பொறவு? அழுக்கு மூக்குலயா விடுவாக?"

"அக்கா, அந்த அழுக்குலதான கிருமி இருக்கும். கிட்டு அதைத்தான தேடுது. கழுவி ஊத்திட்டுப் பாத்தா ஒத்தக் கோடு வராம என்ன வரும்? வாங்க, இங்கயே இப்பவே பாத்துருவோம்."

வெள்ளத்தாய் கையை இழுத்துக்கொண்டாள். "இங்க வேண்டாம். கிட்டை மாத்தி வச்சிருவீக. எங்க வீட்டுல, என் கண்ணு முன்னால பாக்கேன்."

முகக்கவசத்தை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கடைசி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முந்தின நாள் ராக்கப்பனுக்குக் கஞ்சியை வாயால் ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. அவர் நெஞ்சில் குனிந்து தைலம் தேய்த்ததும் வந்தது. தேய்த்த கையைத் தொடையில் படாமல் தூக்கியே வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழையவில்லை. பையிலிருந்த கிட்டை எடுத்து வாசலில் கிடந்த துவைகல்லில் வைத்தாள். காதருகே குலுக்கிப் பார்க்கவில்லை. கழுவாத மூக்கில் குச்சியைச் சுழற்றி, குப்பியில் முக்கி, சொட்டு விட்டாள். ஈரம் வெள்ளைப் பட்டையில் மெல்ல ஏறியது. உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"ஏட்டி, என்ன இம்புட்டு வெள்ளன வந்துட்ட? மேலுக்கு முடியலையா?"

ராக்கப்பன் சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். இரண்டாவது கோடு வருமா வராதா என்று இன்னும் தெரியவில்லை. வெள்ளத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிக் கதவைச் சாத்தி, வெளியே நாதாங்கியைப் போட்டாள்.