அன்ரி போட்ட முடிச்சும் எகிப்தியக் களிமண்ணும்

எங்கள் தொழிலில் உடைந்ததுதான் சரக்கு. முழுசாகக் கிடைத்தால் அதைத் திறக்க யாரோ மறந்துபோனார்கள் என்று அர்த்தம். சிட்னியில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில், பழைய எகிப்து நகரம் ஒன்றின் களிமண் முத்திரைகளை வருகிறவர்களுக்குக் காட்டுவது என் வேலை. முத்திரை என்றதும் பொன்னையும் மணியையும் நினைக்காதீர்கள். கதவு, ஜாடி, மூட்டை என்று எதைக் கட்டினாலும் கயிற்று முடிச்சின் மேல் ஈரக் களிமண்ணை அப்பி, அதிகாரியின் அச்சைக் குத்துவார்கள். திறக்கும்போது உடைத்து எறிந்துவிடுவார்கள். அந்த நகரத்துக் குப்பைதான் எங்களுக்குப் பொக்கிஷம். அதை எட்டிப் பார்த்துவிட்டு "மம்மி எங்கே?" என்று கேட்டால் எப்படி இருக்கும் என்பது, கவுன்டருக்குப் பின்னால் நிற்கிற யாருக்கும் புரியும்.

கவிழ்த்து வை

முதல் நாள் எல்லாத் துண்டுகளையும் அச்சு மேலே தெரிகிற மாதிரி அழகாக அடுக்கினேன். பாதிப் பகல் போனது. மேலாளர் மார்கரெட் வந்தார், ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். பிறகு பூதக்கண்ணாடியைத் தந்தார். ஒன்றின் முதுகில் கூடைப் பின்னல், இன்னொன்றில் துணியின் இழை, மற்றதில் கதவின் மர முளை பதிந்த குழி. ஓரத்தில் யாரோ ஒருவரின் பெருவிரல் ரேகை. "அச்சில் இருப்பது அதிகாரியின் பெயர், முடிச்சைப் போட்டவரைக் காட்டத்தான் உங்களை வேலைக்கு எடுத்தோம்" என்றார்.

ஒரே கதவு

கெல்லிவில்லில் இருந்து ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் வந்தது. "ஒரே ஆளோட சீல் எதுக்குங்க இத்தனை?" என்றார் கணவர். தானியக் கிடங்கை ஒவ்வொரு முறை மூடும்போதும் புதுக் களிமண் வைப்பார்கள், துண்டுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தே எந்தக் கதவை அடிக்கடி திறந்தார்கள் என்று சொல்லலாம் என்றேன். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத ஊர் போல என்று அவர் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "நம்ம பேன்ட்ரிக்கும் ஒண்ணு வாங்கிட்டுப் போலாம்ங்க, முறுக்கு டப்பாவைத் திறக்கிறது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அன்ரியின் முடிச்சு

யேசுதாசன் அங்கிள் மன்னார்க்காரர். வெஸ்ட்மீட்டில் எங்கள் தெருவில் இருக்கிறார். போன தவக்காலத்தில் அவர் மனைவி, எங்கள் அன்ரி, இறந்துபோனார். அவர் கடைசியாக வறுத்து அரைத்த கறித்தூள் பை குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது, வாயில் நூல் சுற்றி, அவர் போட்ட முடிச்சோடு. அவிழ்த்தால் முடிச்சுப் போய்விடும். அவிழ்க்காவிட்டால் தூளின் மணம் போய்விடும். அங்கிள் கடைத்தூளில் சமைத்து, பாதியை மிச்சம் வைத்து, மெலிந்துகொண்டே வந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை, ஒரு சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

முடிச்சு பதிந்த துண்டு ஒன்றைக் கனநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கட்டின ஆள் போன பிறகும் இது நிக்குதோ?" என்றார்.

"ஓம் அங்கிள்."

அடுத்த சனிக்கிழமை பையோடு வந்தார். பிள்ளைகள் அச்சுக் குத்தி விளையாட வைத்திருக்கும் களிமண்ணில் ஓர் உருண்டை எடுத்து, முடிச்சின் மேல் மெல்ல அழுத்தினேன். எந்தப் பழம்பொருளையும் நான் அவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. எடுத்துப் பார்த்தால் நூலின் முறுக்கு, இரட்டைச் சுற்று, ஒரு பக்கம் நீண்ட நுனி எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. அங்கிள் அதைக் கைக்குட்டையில் வைத்தார். கத்தரிக்கோலை நீட்டினேன், வேண்டாம் என்று நகத்தாலேயே பொறுமையாக அவிழ்த்தார். பை திறந்ததும் குனிந்து மணந்து பார்த்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்தார். "மனுசி கொஞ்சம் கூடுதலா வறுத்திட்டா, பிள்ளை, நான் அப்பவே சொன்னனான்."

எகிப்துக் கூடத்தில் இரண்டு நாளாகக் கறித்தூள் மணப்பது ஏன் என்று மேலிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறது. ஆட்கள் குடியிருந்த ஊர் என்றால் அப்படித்தான் மணக்கும் என்று எழுதலாமென்று இருக்கிறேன்.