வேணாம் பாறைக்கு மேலே

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு வெந்நீர் என்று பேர். எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பாள், அதனால். ரத்தக்கறைத் துணியையும் மற்ற துணியையும் ஒரே பையில் போட்டு அனுப்பினால் போதும், அந்த வார்டு தொலைந்தது. பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய், பெரிய டாக்டர் மேஜைமேல் கொட்டிவிட்டு வருவாள். பதினோரு வருஷமாக அடுத்த மெஷினில் நிற்கிறேன், எனக்கு அவள் அக்கா. ஐம்பத்து மூன்று வயதில் மலை ஏறப் போகிறேன் என்று வந்து நின்றபோது, "உனக்கு மூளை கீளை கழண்டுபோச்சா?" என்றுதான் கேட்டேன்.

எல்லாம் அவளுடைய மூத்தாரால் வந்தது. புருஷனின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்தி ஓய்ந்தவர், வாய் மட்டும் ஓயவில்லை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் அந்த மலைக்குப் போய் வந்தார்கள். அன்றிலிருந்து மனுஷனுக்கு ஒரே கதைதான்: அவர் உச்சியைத் தொட்டாராம், தம்பி பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாராம். குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், ஆரம்பித்துவிடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். தம்பி மருந்துக்கடையில் வேலை பார்த்த சாது, அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சாது நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது மூத்தார் பெருமூச்சு விட்டார். "எதைத்தான் முழுசா முடிச்சான் அவன்? வாழ்க்கையையும் பாதியிலேயே விட்டுட்டுப் போயிட்டான்."

நானும் அங்கே இருந்தேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அட, யாராவது ஒருத்தர் அந்த ஆளை அதட்டியிருக்கலாம். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

எக்ஸ்ரே எடுப்பவர் ஒரு மலைப்பைத்தியம். போன வருஷம் டீ குடிக்கும்போது அந்த மலையைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். வருஷத்துக்கு முப்பது பேர் ஏறினால் அதிகமாம். உச்சியில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் தடியாக ஒரு நோட்டு. ஏறியவர்கள் தேதி போட்டுப் பேர் எழுதிவிட்டு வருவார்களாம். அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"பழைய பேரெல்லாம் இருக்குமா?"

"முதல் பக்கத்துலேர்ந்து அப்படியே இருக்கும்மா."

அவர் போனதும் என் கையைப் பிடித்தாள். "சட்டைப் பட்டன் போடவே மூச்சு வாங்குற ஆளு, மலை ஏறினாராம்! அவர் பேர் அதுல இல்லன்னு வை, நடுவீட்ல வச்சு கிழிச்சுடுவேன். நீயும் வரணும். நான் மட்டும் பாத்துட்டு வந்தா கதை கட்டுறேம்பாரு."

"உன் வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்போ அதைப் பத்தி என்ன சொன்னாரு?"

"கேட்டா 'விடு'ம்பாரு. எதுக்கெடுத்தாலும் ஒரு விடு."

"அவர் பேரும் இல்லாட்டி?"

ஈரத்துணியை எடுத்து மெஷினுக்குள் ஓங்கி எறிந்தாள். அதற்கப்புறம் நாலு மாசம் லிப்டைத் தொடவில்லை. ஈரப் படுக்கை விரிப்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடியும் ஏறி இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் மூத்தார் தலை இருப்பதாக நினைத்துக்கொள்வாளாம். மிதித்த மிதியைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டும்.

விடியும்போது அடிவாரத்தில் நின்றோம். வனத்துறை ஆள் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர் என்றார். மத்தியானம் பன்னிரண்டரைக்குள் உச்சியில் கால் வைக்கவில்லை என்றால் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும், இருட்டில் இறங்க முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

முதல் ரெண்டு மணி நேரம் ஆள் உயரப் புல். புல்லில் அட்டை. காலில் ஏழு அட்டைகளைப் பிடுங்கியபிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்புறம் காய்ந்த ஓடை, காலை வைத்தால் கல் உருளும். அக்கா ஒரு தடவை விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, "போலாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் மூத்தாருக்காக நான் ஏன்டி சாகணும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

பாதி வழியில் அகலமான பாறை ஒன்று வந்தது. "இதுக்கு வேணாம் பாறைன்னு பேரு" என்றார் வழிகாட்டி. "மேல பாருங்க, ஏன்னு புரியும்." பார்த்தேன். சுவர் மாதிரிச் சரிவு, அதில் கயிறு தொங்கியது. சத்தியமாக எனக்கும் வேண்டாம் என்றுதான் தோன்றியது. ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று பாறைப் பக்கம் நகர்ந்தேன்.

"அதுல உட்காந்தே, அப்புறம் என்கூடப் பேசாதே."

உட்காரவில்லை. கயிற்றைப் பிடித்து ஏறினோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பன்னிரண்டு இருபதுக்கு வழிகாட்டி கைக்கடிகாரத்தைக் காட்டினார். "அம்மா, கஷ்டம். திரும்பிடலாம்."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குல்ல? நடங்க."

கடைசி மேட்டைத் தவழ்ந்துதான் ஏறினாள். பன்னிரண்டரைக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது.

பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அந்த வருஷம், அந்தத் தேதி. அவள் புருஷன் பேர் இருந்தது! அடுத்த வரியைப் பார்த்தேன். மூத்தார் பேரும் இருந்தது.

"போச்சு. அவரும் ஏறியிருக்காரே அக்கா."

அவள் நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கேட்கவே பயமாக இருந்தது. "நல்லாப் பாருடி. ரெண்டும் ஒரே கை."

ஆமாம். மருந்து உறையில் 'காலை, இரவு' என்று கட்டம் கட்டமாக எழுதுவாரே, அதே எழுத்து. ரெண்டு வரியையும் அவள் புருஷனே எழுதியிருந்தார்.

போனில் படம் எடுத்தாள். எங்கள் பேரை எழுதும்போது, உள்ளங்கை எரிய, "எனக்கும் சேத்து எழுதிடேன்" என்றேன். பேனாவை என்னிடம் தூக்கிப் போட்டாள். "உன் பேரை நீ எழுது."

அடுத்த ஞாயிறு மூத்தார் வீட்டில் பேத்தி பிறந்தநாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூடம் நிறையச் சொந்தம். நொண்டிக்கொண்டு நுழைந்தவளைப் பார்த்ததும் அவர் உற்சாகமானார். "என்னம்மா, மலைக்குப் போனியாமே! பாதியா, முழுசா?"

அவள் போனை நீட்டினாள். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர் ஒரு நொடி திகைத்தார், பிறகு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா எல்லாரும்! என் பேரு! சொன்னேன்ல?"

"மேல் வரியையும் சத்தமாப் படிங்க மாமா."

படிக்கவில்லை. அவர் மனைவி போனை வாங்கிப் படித்தாள். "இது கொழுந்தனார் பேருல்ல? அவர் பாறையில உட்காந்துட்டார்னு சொன்னீங்க?"

அக்கா பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்க பேரை இதுல ஒரு தடவை எழுதுங்க. பக்கத்துல வச்சுப் பாத்துடலாம்."

அவர் பேனாவைத் தொடவே இல்லை. மனைவியைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். "மூச்சு முட்டுச்சும்மா" என்றார் கடைசியில். "நான்தான் உட்காந்தேன். அவன் போயிட்டு வந்து, 'உன் பேரையும் எழுதிட்டேன்ணே, யாருக்கும் தெரிய வேணாம்'னான். நான் விளையாட்டாத்தான் மாத்திச் சொன்னேன். அவன் மறுக்கல. அப்படியே பழகிடுச்சு."

"செத்த அன்னிக்கும் விளையாட்டா?"

அவர் தலை குனிந்தது. அறுபத்தாறு வயது ஆள், அத்தனை பேர் முன்னால் அழுதார். எனக்குக்கூடக் கொஞ்சம் பாவமாக இருந்தது, அவளுக்கு இல்லை. நின்று, அழுது முடிக்கும்வரை பார்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்தாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். "இப்ப திருப்திதானே?" என்றேன்.

"ரொம்ப." ரெண்டு ஸ்டாப் தாண்டித் திரும்பிப் பார்த்தேன், கண்ணெல்லாம் தண்ணீர்.

"வீட்ல சண்டை வரும்போதெல்லாம் நானும் அதைத்தான்டி சொல்லுவேன். 'பாதியில உட்கார்ற ஆளுதானே நீங்க'ன்னு. எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. அப்பவும் அந்த மனுஷன் வாயைத் திறக்கல."