மஞ்சள் தடவி வைத்த ரிசல்ட்

என் கணவர் பல வருடங்களாக மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதனாலேயே மகள் ரம்யாவுக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயின. ஜீயபுரத்து வரனுக்கு ஜாதகம் பொருந்தியது. ஆனால் பையனின் அம்மா, "தப்பா நினைக்காதீங்க, பொண்ணுக்கும் அது வருமான்னு மரபணு டெஸ்ட் எடுத்துட்டா எங்களுக்கு நிம்மதி" என்றார். அலைந்து சலித்திருந்த நான் சரி என்றேன். ரம்யாவின் எச்சிலைக் குப்பியில் எடுத்து லேபுக்கு அனுப்பினோம்.

வாய்ப்பு குறைவு என்று ரிசல்ட் வந்தது. அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு சேர்த்துப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு ரம்யா சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் படுத்தே கிடந்தாள். "மனசே சரியில்லைம்மா" என்றாள்.

"உனக்குத்தான் வராதுன்னு ரிசல்ட்டே வந்துடுச்சே! எழுந்து குளி, போ" என்றேன்.

ஒரு காலையில் கணவர் அவளோடு பேசிவிட்டு வேகமாக வெளியே வந்தார். "உயிரோட இருக்கவே பிடிக்கலைங்கறா. கிளம்பு, இப்பவே டாக்டர்கிட்ட போகணும்" என்றார்.

"நல்லவேளை, கூட்டிட்டு வந்துட்டீங்க. வாய்ப்பு குறைவுன்னா வரவே வராதுன்னு அர்த்தமில்லீங்க" என்றார் டாக்டர், நான் நீட்டிய ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு.

சம்பந்தம் நின்றுபோனது. ரம்யா மெல்லத் தேறிவருகிறாள். டெஸ்ட் எடுத்தீர்களா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று இப்போதெல்லாம் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்