அக்கா சொல்லிக்கொடுத்த தப்பு

நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கடைசி இலையில் உட்கார்ந்து முதல் ஆளாக எழுந்துவிடுவேன். ஆனால் எங்கள் நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், என் கை பட்ட கோர்வையில் குறை இருக்காது என்று. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பத்து வயதில் பிடிவாதம் பிடித்துக் கற்றுக்கொண்ட வேலை அது. அக்காவைத் தோற்கடிக்க வேண்டும் என்பதற்காகவே கற்றுக்கொண்டேன்.

அந்தக் கோடையில் நான் ஐந்தாவது முடித்திருந்தேன், அக்கா பன்னிரண்டாவது. கெமிஸ்ட்ரியில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தாள். மருந்துகள் செய்வதைப் பற்றிய பார்மசி படிப்பின் மேல் அவளுக்கு ஆசை. பிசிக்ஸில் சறுக்கியதால் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் சில மார்க்கில் இடம் தவறிப்போனது. அவளுடைய கெமிஸ்ட்ரி டீச்சர்தான் வேறு வழி சொன்னார். பெங்களூரில் ஒரு கல்லூரியில் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டுவதைப்போல் இரண்டு பங்கு கட்ட வேண்டும். கெமிஸ்ட்ரியில் நல்ல மார்க் இருந்தால் அதில் பாதியைத் தள்ளிவிடுவார்கள். டீச்சரே விண்ணப்பத்தை வரவழைத்து, மார்க் ஷீட் நகலை இணைத்து அனுப்பிவைத்தார்.

ஜூன் தொடக்கத்தில் இடம் கொடுத்திருப்பதாகக் கடிதம் வந்தது. அக்கா படித்துச் சொல்ல, அப்பா தறியை விட்டு எழாமலே கேட்டார்.

"மார்க்கு அவங்க கேட்டதுக்கு மேலியே இருக்குதுன்ற. அப்புறம் என்னாமா?"

"மீதி ஃபீஸும் ஹாஸ்டலும் கட்டணுமேப்பா. ஹாஸ்டல்ல ஒண்ணும் தள்ளல."

அப்பா எதையும் புடவையில்தான் கணக்கிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று புடவைக் கூலி என்றார். தறி நிற்காமல் ஓடினால் கட்டிவிடலாம். சிக்கல் என்னவென்றால், அக்கா கிளம்பினால் தறி நின்றுவிடும்.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் உடலையும் ஒரு பக்கத்துக் கரையையும் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்துக் கரைக்கு இன்னொருவர் கூட உட்கார்ந்து, ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடா என்ற சின்ன மரக்கட்டையைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத இடத்தில் கீறல்போல் இடைவெளி விழும். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்தது அக்கா. கூலிக்கு ஆள் வைத்தால் கல்லூரிக்கான பணம் முழுவதும் அவருக்கே போய்விடும். அம்மாவோ எங்கள் தறியோடு இன்னும் இரண்டு வீட்டுத் தறிகளுக்கும் நாடாவுக்குள் போடும் நூல் குழலான தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பெரிந்தது அந்தக் கூலியில்.

"நான் உக்கார்றேன்ப்பா" என்றேன் நான்.

இதைத் தியாகம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆறாவது வகுப்பு என்றால் பெரிய பள்ளிக்கூடம், தெரியாத முகங்கள், எழுந்து நின்று உரக்கப் படிக்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்க ஏப்ரலிலிருந்து வழி தேடிக்கொண்டிருந்தேன்.

அப்பா சிரித்தார். "இவங்கையில நாடாவ குடுத்தா மாங்கா அடிக்க எடுத்துக்கினு போயிடுவான்."

அக்கா சிரிக்கவில்லை. "அவன ஆறாவதுல சேர்க்கணும்ப்பா."

"ஒரு வருஷம் போவட்டுமே. அப்புறம் சேர்த்துடலாம்" என்றார் அப்பா.

"அவனுக்குக் கை வராது. பொடவ கெட்டா மொதலாளி கூலிய புடிச்சுக்குவாரு."

"அவனே உக்கார்றேன்றான், ஒனுக்கு என்னாடி?" என்றாள் அம்மா ராட்டினத்தை நிறுத்தாமல்.

கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார். அக்கா நாலு நாள் எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாள் நான் உட்கார்ந்து ஒரு முழம் நெய்து இறங்க வேண்டும். கோர்வை சரியாக விழுந்தால் முதல் பணத்தைப் பெங்களூருக்குக் கட்டுவார். விழாவிட்டால் கடிதத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அக்கா சொல்லிக்கொடுத்தாள். அப்பா தன் நாடாவை விடுவதற்கு முன்பே நான் என்னுடையதைத் தள்ளிவிட வேண்டும், அதுதான் சூட்சுமம் என்றாள். நாலு நாளும் அப்பா சாப்பிடப் போகும் நேரத்தில், இழை கோக்காத வெறும் நாடாவோடு அப்படியே பழகினேன். ஐந்தாம் நாள் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாக ஒரு கல்யாணப் புடவை. அரை முழம் இறங்குவதற்குள் அப்பா கையை நிறுத்தினார். உடலுக்கும் கரைக்கும் நடுவில் அவருடைய சுண்டுவிரல் நகம் நுழைந்தது.

"யார்ரா முன்னாடியே தள்ளச் சொன்னது?"

"அக்காதான்."

"நான் சரியாத்தான் சொன்னேன்" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். "இவன் மண்டையில ஏறல. நான் இங்கியே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்ப்பா."

அதுவரை அக்கா என்மேல் பழி போட்டதே இல்லை. நான் உடைத்த சாமான்களுக்கெல்லாம் அவள்தான் திட்டு வாங்குவாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அழவில்லை. இன்னும் இரண்டு நாள் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். நானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது வீட்டில் எல்லோருக்கும் அதிசயமாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார்.

நெய்த அரை முழத்தை அவர் இழை இழையாகப் பிரித்து எடுத்தார். பிறகு அக்காவும் அவரும் வழக்கம்போல் நெய்ய உட்கார்ந்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் சொன்ன எதையும் காதில் வாங்காமல் கையை மட்டும் பார்த்தேன். கை பொய் சொல்லவில்லை. அப்பாவின் நாடா வந்து சேர்ந்த பிறகுதான் அவளுடைய நாடா கிளம்பியது. அது தெரிந்ததும் மீதி சுலபம். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவள் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். நான் இந்தப் பக்கம் வந்து பார்த்தேன்.

"போடா, வெளிய போய் வெளையாடு" என்றாள்.

"நீ போ பெங்களூருக்கு" என்றேன்.

மூன்றாம் நாள் ஒரு முழம் இறங்கினேன். அப்பா புடவையின் அடிப்பக்கத்தில் கோர்வை நெடுகிலும் நகத்தை ஓட்டினார். எங்கும் தடுக்கவில்லை. இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்தார். "நாளைலேருந்து நீயே உக்காருடா" என்றார். அக்கா குனிந்து பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் பெங்களூர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டோம். அப்பா கூடவே போய்ச் சேர்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. டீச்சர் வந்து ஒரு பேனா கொடுத்தார். நான் ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ஜெயித்தவன் நிற்பதைப்போல் நின்றேன் என்று நினைக்கிறேன். அக்கா பேனாவைப் பையில் வைத்து மூடினாள். டிரைவர் ஏறியதும் தலையை வெளியே நீட்டினாள்.

"பதினேழாம் வாய்ப்பாடு சொல்லு."

சுற்றிலும் ஜனம். எனக்கு உயிர் போகிற மாதிரி இருந்தது. இங்கே வந்தும் என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியதும் கூச்சம் போய்விட்டது. பள்ளியில் சொல்வதைப்போல் ஒரு பதினேழு பதினேழு என்று உரக்கத் தொடங்கினேன். பஸ் நகர்ந்தது. கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். எங்கும் திக்கவில்லை. பத்துப் பதினேழு நூற்றெழுபது என்று நான் கத்தியபோது பஸ் நிலையத்தின் வாசலைத் தாண்டி வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா தாவணி முனையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.

அதிலும் தோற்றுவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன்.  தோற்றவர்கள்தான் அழுவார்கள் என்பதற்கு மேல் அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டுக்கு அம்மாவுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். தறி காத்திருந்தது.